நோராவின் போட்டோவும் கப்பல் டிக்கெட்டும்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர் கண்டோன்மென்ட்
9 ஆகஸ்டு 1938

அன்புள்ள மகன் தியோடருக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ரங்கூனில் நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். உன் மனைவி சுகமாயில்லை. இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முன் கடிதங்களைப் படித்திருந்தால் நோராவுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கி அனுப்பியிருக்க மாட்டாய். போட்டோவில் முகம் தெளிந்துவிட்டது, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டிருக்கிறாய். அந்த முகத்தைத் தெளியவைத்தது மருந்தில்லை, ஸ்டூடியோக்காரனின் பென்சில். உங்கள் கல்யாண நாளுக்கென்று எடுத்த படம், கன்னத்துத் தடிப்பையெல்லாம் நெகட்டிவிலேயே மறைக்கச் சொன்னவள் உன் அம்மா. கேட்டால், "புள்ள தூர தேசத்துல இருக்கான், பாத்து சந்தோஷப்படட்டுமே, அதுல என்ன தப்பு" என்கிறாள்.

என்ன தப்பென்று உனக்கும் சேர்த்தே சொல்கிறேன். நம் சர்ச் கூரையைக் கரையான் அரித்த வருஷம் கமிட்டியார் சுவருக்கு வெள்ளையடித்தார்களே, நினைவிருக்கிறதா? உத்தரம் இறங்கிய பிறகுதான் அண்ணாந்து பார்த்தார்கள். கன்னத்தில் தடிப்பாகத் தெரிகிற இந்த லூபஸ் முகத்தோடு நிற்கிற நோயில்லை. அவளுக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, இருதயத்தைச் சுற்றியும் நீர் கோத்திருக்கிறது என்கிறார் டாக்டர் வெங்கடகிருஷ்ணன். இப்படிச் சிறுநீரகம் கெட்டு வார்டுக்கு வந்தவர்களில் பலரை அவரால் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லையாம். வெயில் படாமல், அலையாமல் கிடந்த சிலர் தேறினார்களாம், அதற்கும் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார். இவளை மெட்ராஸ் வரை ரயிலிலும் பிறகு கப்பல் தளத்து வெயிலிலும் உருட்டிக்கொண்டு போனால் ரங்கூனில் யாரை இறக்குவார்கள் என்று நீயே யோசி.

அந்தப் பெண்ணோ டிக்கெட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, பெட்டியை எடுத்துவரச் சொல்லி நர்ஸ் ஜோசஃபினைத் தினமும் நச்சரிக்கிறாள். பொறுமை போய் நேற்று நான் அதட்டிவிட்டேன். அவள் அழவில்லை. "கூப்பிட்டப்போ போகலேன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டார் மாமா. இப்பவும் போட்டோவைப் பாத்துத்தானே கூப்பிட்டார், என்னைப் பாத்து இல்லையே" என்றாள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான், ஆனால் இந்தக் கேள்வி எனக்கானதில்லை. இதற்குப் பதில் நீ சொல்ல வேண்டியது.

ஆகவே அவள் அங்கே வர வேண்டாம், நீ இங்கே வா. லீவு தரமாட்டார்கள் என்று எழுதாதே, முதலில் கேள். உன் அம்மா பூண்டு ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள், வெறும் வயிற்றில் தின்னாதே. கர்த்தர் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாராக. புறப்படும் நாளைத் தந்தியில் தெரிவி. தந்தியை எனக்கு அடிக்காதே, ஆஸ்பத்திரி விலாசத்துக்கு, அவள் பெயருக்கே அடி.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் ஆறாத அப்பா,
ஆம்ப்ரோஸ்