முத்துக்கனி கேட்ட உதவி

நாகர்கோவில்,
2-7-1952

அன்புள்ள அத்தான்,

நம் வடிவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர் அவளுடையது. பக்கத்து வீட்டு முத்துக்கனி விலகியதால் கூப்பிட்டார்கள்.

முத்துக்கனியைப் பெண் கேட்டு மயிலாடியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் என்னிடம் வந்து அழுதாள். "சித்தி, என்னயப் பத்தி உங்ககிட்டதான் விசாரிப்பாவ. வாயாடி, அடங்காத பிள்ளைன்னு சொல்லிருங்க. எனக்குப் படிக்கணும்." சரி என்றேன்.

வந்தார்கள். மோர் கொடுத்தேன். தங்கமான பிள்ளை என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை.

ஆவணியில் கல்யாணம். அட்டை போட்டு வைத்திருந்த நோட்டுகளை நேற்று வடிவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரே அசதி, காய்ச்சல் இல்லை. நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே சொல்லியிருப்பீர்கள்? ஆமாம் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி