லெஃப்டு காது காலியாதான் இருக்கு, அன்வரு

என் லெஃப்டு அன்வரு,

டேய் டேய் டேய், தொப்பி தாத்தாவும் கோட்டு தாத்தாவும் மறுபடியும் சேந்து ஒரு ஆல்பம் வுட்டுட்டாங்கடா, முழுசா பதினோரு டியூனு, ஒரு வரி கூட பாட்டு இல்ல, ரெண்டே ரெண்டு கிடாரு!

நோட்டிஃபிகேஷன் வந்தப்ப மரவள்ளிக்கு தண்ணி கட்டிக்கினு இருந்தேன். மம்மட்டிய அப்படியே போட்டுட்டு உனக்கு கால் பண்ணிட்டேன். நெஜமாடா. ரிங் போவல, அந்த ரெக்கார்டு பண்ண பொம்பள குரலு பேசுச்சு. அப்புறம்தான் ஒறைச்சுது. அதுக்குள்ள மடை ஒடஞ்சி தண்ணி பக்கத்து கொல்லைக்கு போயிடுச்சு. எங்கப்பா வரப்புல நின்னுக்கினு, "இன்னாடா, நடு கொல்லையில படம் பாக்கறியா?"ன்னு கத்துனாரு. அந்த ரெண்டு பேரு மறுபடி சேந்துட்டாங்கன்னு வடக்கனந்தல்ல நான் யாருகிட்ட போயி சொல்றது?

இத படிக்கிற மத்தவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன், நீ கோச்சுக்காத. அன்வரு என் கூட்டாளி. கள்ளக்குறிச்சியில அவங்க அத்தாவோட, அதான் அப்பாவோட, பெயிண்ட் கடை. காலேஜு முடிஞ்சி டவுன் பஸ்ஸுல அவனும் என்கூட எங்க வூட்டுக்கு வருவான். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஒரு இயர்போன்தான். லெஃப்டு அவனுக்கு, ரைட்டு எனக்கு. கண்டக்டர் அண்ணன் "ரைட் ரைட்"டுன்னா நான் "இன்னாண்ணே?"ம்பேன். அவருக்கு ஒரு நாளு கூட சிரிப்பு வந்ததில்ல.

எவனோ மெமரி கார்டுல ஏத்திக் குடுத்த ஒரு ஆல்பம் அது. பேரு இல்ல, படம் இல்ல, வெறும் கிடாரு. எட்டு மாசம் அதத்தான் கேட்டோம். எட்டு மாசமும் சண்டை.

"இந்தாளு நல்லா வாசிக்கிறாருடா, ஆனா ரெண்டு வரி வாசிச்சிட்டு சும்மா உக்காந்துடறாரு. ரொம்ப யோசிக்கிறாரு"ன்னுவேன்.

"எங்கடா யோசிக்கிறாரு? கட்டை வெரலு கரும்பு மிஷினு மாதிரி ஓடிக்கினே இருக்கு. உனக்கு காது அவுட்டு"ம்பான் இவன்.

ஒரு நாளு அவனுக்கு ஜொரம், வரல. நான் மட்டும் பஸ்ஸுல ஏறி ரெண்டு காதுலயும் மாட்டுனேன். கச்சிராயபாளையம் வர்றதுக்குள்ள எனக்கு விஷயம் புடிபட்டுடுச்சு. வண்டியிலேயே கால் பண்ணேன். "டேய், உள்ள ரெண்டு பேரு இருக்காங்கடா!"

"எந்த உள்ள?"

"பாட்டுக்குள்ள! ஒருத்தரு கேக்கறாரு, ஒருத்தரு பதிலு சொல்றாரு. நீ ஒருத்தர கேட்டிருக்க, நான் ஒருத்தர கேட்டிருக்கேன்!"

ஜொரத்தோட, "அப்ப உனக்கு காது அவுட்டு இல்ல. சாரிடா"ன்னான்.

அமெரிக்காவுல ரெண்டு கிழவருங்க. லெஃப்டுல இருக்கறவரு கன்ட்ரி, கிராமத்து ஆளு, எப்பவும் தொப்பி. கட்டை வெரலு தனியா தாளம் போடும், மத்த வெரலுங்க பாடும். ரைட்டுல இருக்கறவரு ஜாஸ், கோட்டு சூட்டு, நேரா போற பாட்ட திடீர்னு சந்துக்குள்ள இட்டுக்கினு போவாரு. வயசான காலத்துல ரெண்டு பேரும் ஒரே ரூம்ல எதிரெதிரா சேர போட்டு வாசிச்ச ஆல்பம். நாங்க கேட்டது ஒவ்வொருத்தரும் பாதி பாதி. அதனால கிடாரு கத்துக்கினதும் பாதி பாதி. அன்வரு தொப்பி, நான் கோட்டு. எங்களுக்கு வாத்தியாரும் இல்ல, கிளாஸும் இல்ல, டேட்டா மட்டும் இருந்துச்சு.

இப்ப உன்கிட்ட வரேன் மச்சான். அந்த ஆல்பத்துல ஒரு விஷயம் இருக்கு. அத எப்படி சொல்றதுன்னு தெரியல.

தொப்பி தாத்தா செத்துப் போன அன்னிக்கி நாம கடை ஷட்டர பாதி எறக்கி வெச்சிட்டு அவரு டியூன வாசிச்சோமே, ஞாபகம் இருக்கா? உங்கத்தா குனிஞ்சி உள்ள வந்து, "யாருடா மவுத்து?"ன்னாரு. நீ "தாத்தா"ன்ன. "உங்க தாத்தா மவுத்தாயி இருவது வருஷம் ஆவுதுடா பேமானி, ஷட்டர தூக்கு"ன்னாரு. அதுக்கு அடுத்த மாசம் நீ போயிட்ட. உங்கத்தா ஷட்டர முழுசா எறக்குனாரு.

அந்த தொப்பி தாத்தா சாவறதுக்கு முன்னாடி வூட்லயே உக்காந்து அவரு பாதிய ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்தாராம். கோட்டு தாத்தா இப்ப அத லெஃப்டுல ஓட வுட்டுட்டு, ரைட்டுல உக்காந்து வாசிச்சிருக்காரு. செத்தவரு கேக்கறாரு, இருக்கறவரு பதிலு சொல்றாரு. கடைசி டியூன தொப்பி தாத்தா முடிக்கல. நடுவுல லெஃப்டு நின்னுடுது. கோட்டு தாத்தா நிறுத்தல. வாசிக்கிறாரு, தொப்பி தாத்தாவோட பதிலுக்கு எடம் வுடறாரு, அந்த எடம் சும்மா போவுது, மறுபடி வாசிக்கிறாரு.

அவருகிட்ட அவரு கூட்டாளியோட பாதி இருந்துச்சு அன்வரு. உன் பாதி என்கிட்ட இல்ல.

நாம ரெக்கார்டு பண்றதுக்கு ரூல் போட்டது நீதான். ஒம்போது டியூனு வாசிக்கிறோம். உன் பாதிய நீ குடோன்ல பெயிண்ட் டின்னுக்கு நடுவுல ரெக்கார்டு பண்ணி அனுப்புவ. அத லெஃப்டு காதுல மட்டும் கேட்டுக்கினு நான் என் பாதிய வாசிக்கணும். முடிஞ்சதும் உன் ஃபைல அழிச்சிடணும். "உன் பாதிய நீ காப்பாத்து, என் பாதிய நான் காப்பாத்தறேன். ஒம்போதும் முடிஞ்சப்புறம் ஒட்டி, ரெண்டு காதுலயும் ஒன்னா கேப்போம்டா. அன்னிக்கி பஸ்ஸுல உனக்கு வந்துச்சு பாரு, அது எனக்கு வரல. எனக்கு அது வேணும்"ன்ன. நானும் எட்டு டியூனுக்கு எட்டு தடவ அழிச்சேன். என் போனும் ஃபுல்லு, எனக்கும் வசதியா இருந்துச்சு. ஒன்னே ஒன்ன கூட திருட்டுத்தனமா வெச்சிக்க தோணல பாரு. நல்லவன் மாதிரி அழிச்சேன்.

ஒம்போதாவது டியூன எங்க வூட்ல ஒன்னா உக்காந்து வாசிக்கலாம்னு சொன்னது நானு. "விடியறதுக்குள்ள வாடா, பக்கத்து கொல்லையில மோட்டார் போட்டா சத்தம் ரெக்கார்டு ஆயிடும்"ன்னதும் நானு. தை மாசப் பனி. எதிர்ல இருந்த ஆளே தெரியலன்னாங்க. நீ பைக்குல வந்த ரோட்டோரத்துல கரும்பு லோடு டிராக்டர் நின்னுக்கினு இருந்துச்சு, பின்னால ஒரு செவப்பு ஸ்டிக்கர் கூட இல்ல. நான் கிடார ட்யூன் பண்ணிட்டு வாசல்ல உக்காந்திருந்தேன். மோட்டார் போட்டுட்டாங்க. நீ வரல. "சோம்பேறி, தூங்கிட்டான்"னு உனக்கு வாய்ஸ் நோட்டு அனுப்புனேன்டா. கடைசியா உனக்கு நான் சொன்னது அதான்.

உன் போனு நசுங்கிப் போச்சு. திருக்கோவிலூரு, சேலம்னு ரெண்டு ஊர்ல குடுத்துப் பாத்துட்டேன். "உள்ள இருக்கறது போயிடுச்சு தம்பி, வேற எங்கயும் குடுத்து அலையாத"ன்னு சொல்லிட்டாங்க.

நம்ம பேஜு கமெண்டுல ஒருத்தன், "ப்ரோ, லெஃப்டு பார்ட்ட ஏஐயில ஜெனரேட் பண்ணிடலாம்"னான். திட்டிட்டு, அப்புறம் ட்ரை பண்ணேன். உன்கிட்ட பொய் சொல்லல, பண்ணேன். ஒரு எடத்துல கூட அது தப்பு பண்ணல. நாலாவது டியூன்ல நீ எப்பவும் அவசரப்பட்டு என் மேல வந்து மோதுவியே, அது வரல. அழிச்சிட்டேன். அழிக்கறதுதான் எனக்கு நல்லா வருதே.

ஒன்னு சொல்லட்டுமா? என் பாதிய ஹெட்ஃபோன் மாட்டி ஃபுல் சவுண்டு வெச்சி கேட்டேன். வாசிக்கறப்ப என் காதுல இருந்த இயர்போன்ல இருந்து உன் சத்தம் கசிஞ்சி என் மைக்குல ஏறியிருக்குமோன்னு ஒரு நப்பாசை. ஏழு டியூன்ல ஒன்னும் இல்ல, வெறும் இரைச்சலு. ரெண்டாவது டியூன்ல மட்டும், நான் நிறுத்துன ஒரு எடத்துல, ரொம்ப சின்னதா "கிர்ர்ர்"ருன்னு கேக்குது. இன்னான்னு தெரியுதா? உன் குடோன்ல நீ தடிச்ச கம்பிய அடிச்சா கூடவே அதிரும் பாரு, அந்த ப்ரைமர் டின்னு. உன் கிடாரு ஏறல மச்சான். டின்னு ஏறியிருக்கு.

கடைக்கு ஓடுனேன். உங்கத்தா கல்லாவுல உக்காந்திருந்தாரு. "அந்த டின்னாப்பா? களமருதூர்ல இருந்து வந்தாங்க, வூட்டுக்கு பெயிண்ட் அடிக்கன்னு வாங்கிப் போயிட்டாங்களே"ன்னாரு. என் மூஞ்சியப் பாத்துட்டு, "எதுக்குப்பா?"ன்னாரு. டீ வாங்கியாரச் சொன்னாரு. ரெண்டு பேரும் குடிச்சோம். நீ உக்கார்ற ஸ்டூல்ல அவரு இன்னும் யாரையும் உக்கார வுடறதில்ல. நான் நின்னுக்கினேதான் குடிச்சேன்.

புது ஆல்பத்த நான் இன்னும் முழுசா கேக்கல. ரைட்டு காதுல மட்டும் கேட்டேன். லெஃப்டுல இன்னா நடக்குதுன்னு ஆல்பத்த பத்தி எழுதுனவங்க சொன்னத வெச்சிதான் உனக்கு சொன்னேன். லெஃப்ட மாட்ட கை போவல. அது உன்னுது.

உனக்கு ஒரு வாக்கு குடுக்கறேன். என் எட்டு பாதியையும் அப்படியே போடப் போறேன். ரைட்டுல நான். லெஃப்டு காலி. எவ்ளோ நல்லா வாசிக்கிறவன் வந்து கேட்டாலும் அந்த எடத்துல உக்கார வுட மாட்டேன். ஒம்போதாவது டியூன நான் வாசிக்க மாட்டேன்.

இத படிக்கிறவங்க ஒரு உதவி பண்ணுங்க. யாரு கமெண்டுல கேட்டாலும் அன்வரு யோசிக்காம அவன் பாதிய அனுப்பி வெக்கிற ஆளு. உங்கள்ல யாருக்காவது, கிடாரு லெஃப்டு காதுல மட்டும் கேக்கற ஒரு ஃபைலு எப்பவாவது வந்திருக்கா? பழைய போன்ல, மெமரி கார்டுல, டவுன்லோடு ஃபோல்டர்ல கொஞ்சம் தேடுங்க. பாதி கிளிப்பா இருந்தாலும் பரவால்ல. இருக்காதுன்னு எனக்கும் தெரியும், எல்லாரும் என்ன மாதிரி அழிச்சிருப்பீங்க. இருந்தாலும் இத நாலு பேருக்கு ஷேர் பண்ணுங்க. கெடச்சா நடுவுல கிர்ருன்னு ஒரு டின்னு சத்தம் வரும், இரைச்சலுன்னு நெனச்சி அத க்ளீன் பண்ணிடாதீங்க. அப்படியே அனுப்புங்க.

உன் ரைட்டு,
உங்கத்தா இப்ப "ரெண்டாவது புள்ள"ன்னு கூப்புடற குமரேசன்
வடக்கனந்தல்