கன்றுக்குட்டி நிற்கிறதாம்

சென்னை, 20-1-1952

அன்புள்ள அத்தானுக்கு நேசம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

நான் சுகம். உங்களுக்கும் அத்தைக்கும் சுகம்தானே? இங்கே விடுதி வார்டன் எல்லாக் கடிதங்களையும் பிரித்துப் படிப்பதால், தக்கலைக்குப் போகும் ராஜையன் மாமா கையில் கொடுக்கக் காத்திருந்தேன். அதனால்தான் தாமதம்.

போன வாரம் விலங்கியல் வகுப்பில் ஏரிக்கு அழைத்துப் போனார்கள். தாய் நாரை எத்தனை முறை இரை கொண்டுவருகிறது என்று அசையாமல் உட்கார்ந்து எண்ண வேண்டும். குஞ்சுகள் பசித்துக் கத்தியதும் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. "ஏண்டி, ஏரித் தண்ணி உன்மேல மட்டும் தெறிக்குதா?" என்று அறைத்தோழி லலிதா சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே மரத்தின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். என் நோட்டில் ஒரு மணி நேரம் வெறுமையாக இருந்தது. "ஒரு கூட்டைக்கூடப் பாத்துக்கத் தெரியலியே உனக்கு" என்றார் பேராசிரியர். அவ்வளவுதான், பயப்பட ஒன்றும் இல்லை.

விண்ணப்பத்தில் குழந்தை இல்லை என்று நீங்கள் எழுதினீர்கள். வருஷ நடுவில் காலியான இடத்தில் சேர்ந்து ஆறு வாரமாக நான் நடிக்கிறேன். தெரிந்தால் என் இடம் போய்விடும். வார்டனுக்காகத்தான் நம் செல்லபாயைக் கன்றுக்குட்டி என்று எழுதுகிறீர்கள், சரி. ஆனால் ஒன்பதாம் மாதத்தில் கன்றுக்குட்டி எழுந்து நின்றது என்று இனி எழுதாதீர்கள். "பொறந்த அன்னிக்கே நிக்குமேடி, இதுக்கா அழுவுற?" என்று கடிதத்தை எட்டிப் படித்துக் கேட்டுவிட்டு லலிதா என்னையே பார்த்தாள். இங்கே எல்லோரும் விலங்கியல் படிக்கிறவர்கள்.

தடித்த துணியில் இரண்டு ரவிக்கை அனுப்புங்கள். பிள்ளை போட்ட சட்டை ஒன்றும், துவைக்காமல்.

"மக்ளே, ரயிலு போயிரும் கேட்டியா" என்று மாமா வாசலில் நிற்கிறார். அடுத்த மாதம் மறுபடி வருவாராம். அவள் யார் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பதை அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

நேசம்மாள்