நான் படிக்காத முதல் பக்கம்

உன் நோட்டில் இன்னும் தோல் வாசனை அடிக்கிறது. தாராவியில் உன் அண்ணன் பட்டறையில் மிஞ்சிய துண்டுத் தோலில் நீயே அட்டை போட்டது. உன் மனைவி அதைச் செம்பூரில் என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து இருபது நாள் ஆகிறது. மேசைமேல் வைத்ததோடு சரி, திறக்கவில்லை. பயம். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் ஒரு நோட்டைக் கண்டு நடுங்குகிறாள் என்றால் நீ சிரிப்பாய்.

“அவிய கடைசி வரைக்கும் ‘என் கணக்கு தப்பாப் போச்சு’ன்னே சொல்லிட்டு இருந்தாவ. நெசமாவே தப்பாக்கா? ஒரு வாட்டி பாத்துச் சொல்லுதியளா?” என்றாள். பார்க்கிறேன் என்றேன். அன்று உன்னிடம் தப்பு என்று சொன்னவளே நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

உன்னோடு எம்.எஸ்ஸி. படிக்கும்போது, துகளுக்குள்ளே ஒன்றைத் திருப்பினாலும் எதுவும் மாறாது என்கிற உள்ளகச் சமச்சீர்மை எனக்கு ஏறவே இல்லை. பந்தைத் திருப்பினாலும் பந்து அப்படியே இருக்கிறது, அது புரிந்தது. துகளுக்குள்ளே, எந்தத் திசையையும் சேராத ஒரு முள்ளைத் திருப்புவது என்றால் என்ன? மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் நின்று நீ சொன்னாய்: “ஒங்க வீட்டுக் கடியாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். எங்க வீட்டுது அஞ்சு நிமிஷம். அதுக்காவ லோக்கல் முன்னாடியா வரும்?” ரயிலைத் தவறவிடப் பயந்து கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்காத வீடு இந்த ஊரில் ஏது. எல்லா வீட்டிலும் ஒரே அளவு தள்ளினால் ஒன்றும் மாறாது. துகளுக்குள் இருக்கும் முள்ளும் அப்படித்தான், அந்த மாறாமையால்தான் மின்னூட்டம் கூடாமல் குறையாமல் இருக்கிறது என்றாய். வீட்டுக்கு வீடு வேறு வேறாகத் தள்ளினால், யார் எவ்வளவு தள்ளினார் என்ற சேதியை யாராவது சுமக்க வேண்டும். “அந்தச் சேதிக்காரந்தான் மின்காந்தப் புலம். வெளிச்சம்லாம் அவன் வேலைதான் பாத்துக்கோ.” கையிலிருந்த வடாபாவ் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு நாம் ஆய்வுக்குச் சேர்ந்த காலத்தில் உன் கணக்கைக் கொண்டுவந்தாய். வழிகாட்டியிடம் கொடுக்கும் முன் நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றாய். தாணேயில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே நடுவில் புகுந்தேன். ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டிய இரண்டு உறுப்புகள் கூடிக்கொண்டு நின்றன. கூடாமல் குறையாமல் இருக்க வேண்டிய மின்னூட்டம் கசிந்தது. சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, “இது தேறாதுப்பா, அடிப்படையே ஆட்டம் காண்றது” என்றேன். நீ நோட்டை வாங்கிக்கொண்டு போனாய். படித்த குடும்பத்து மாட்டுங்காக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாயோ என்னவோ. அடுத்த மாதம் ஆய்வை விட்டுவிட்டுக் கோவண்டியில் ஒரு டியூஷன் கிளாஸில் சேர்ந்தாய். போன மழையில் காய்ச்சலோடு போயும் விட்டாய்.

நேற்று மத்தியானம் நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் பெட்டி கட்டி எழுதியிருந்தாய்: ‘இந்த நோட்டில் புலத்துக்கு முன்னால் வரும் குறி கழித்தல்.’ நான் பழகியது கூட்டல். இரண்டில் எதை வைத்தாலும் இயற்கைக்குக் கவலையில்லை, கடைசிவரை ஒன்றையே வைத்தால் போதும். நான் என் வீட்டுக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உன் வீட்டு நேரத்தைத் தப்பு என்று சொல்லியிருக்கிறேன். உன் குறியை வைத்துப் போட்டதும் எல்லாம் அடிபட்டுப் பூஜ்யம் வந்தது. எங்காவது தப்பு வராதா என்று ஏங்கி இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

போனை எடுத்து எடுத்து வைத்தேன். பிறகு உன் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “கணக்கு சரிதாம்மா. அன்னிக்குத் தப்புன்னு சொன்னது நான். தப்பு என்னோடது.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. திட்டட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“கணக்கு சரின்னு அவியளுக்குத் தெரியுமாக்கா?”

என் சிவப்புக் கோட்டுக்குப் பிறகு உன் நோட்டில் எல்லாம் வெற்றுப் பக்கம். தெரிந்தே விட்டுவிட்டாயா, தெரியாமலே போய்விட்டாயா? எது என்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது. “எனக்குத் தெரியலம்மா” என்றேன்.

இன்று காலை ஒரு மாணவியின் தாளைத் திருத்தச் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். கோடு போடப் பயமாக இருந்தது. மூடி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, “நீ எந்தக் குறி வச்சிருக்க?” என்று கேட்டேன். இந்தப் பயம் என்னை விட்டுப் போகக் கூடாது.