பன்னிரண்டு வோல்ட், நூறு மில்லி ஆம்பியர்

நிலவுச் சுரங்கம், மின்னணுப் பட்டறை. எழுதுவது அமுதினி.

09:10
உதிரி சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் நாள். பவர் சப்ளையின் ஆம்பியர் வரம்புக் குமிழ் மறுபடியும் கடைசிவரை திருகிக் கிடக்கிறது. துளையாளர்கள் தலைவிளக்கு பேட்டரிகளுக்கு இதில்தான் சார்ஜ் ஏற்றுகிறார்கள். சிவப்பு எரிந்தால் பச்சை வரும்வரை திருகு. அவர்களுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

11:32
மூன்றாம் காற்றறைக் கதவின் போர்டு எரிந்துவிட்டது. கையால் திறக்கும் சக்கரமும் அசையவில்லை. உள்ளே என் தோழி திலகா மாட்டிக்கொண்டாள். அவள் உடையில் நாற்பது நிமிடக் காற்று. இந்தக் கதவுக்கு உதிரி ஒன்றே ஒன்று.

11:41
உதிரியை மாட்டுமுன் மேசையில் மின்சாரம் கொடுத்தேன். பன்னிரண்டு வோல்ட், நூறு மில்லி ஆம்பியர் வரம்பு. மின்னோட்டம் வரம்பைத் தொட்டுச் சிவப்பு எரிந்தது, வோல்ட் ஒன்றுக்கு இறங்கியது. எங்கோ ஷார்ட். வரம்பு வைத்ததால் போர்டு பிழைத்தது. எந்த உறுப்பு சூடாகிறது என்று விரலால் தேடுகிறேன். கிடைத்தால் ஐந்து நிமிட வேலை.

ரேடியோவில் திலகா: "சீக்கிரம் அமுதினி. பயமா இருக்குடி."

11:53
இடது கையால் எழுதுகிறேன். திலகாவின் புருஷன் குணாளன், துளையாளர் தலைவன், பட்டறைக்குள் பாய்ந்து வந்தான். சிவப்பைப் பார்த்தான். குமிழை நோக்கிப் போனவனைத் தடுத்தேன். ஸ்பேனரால் என் வலது கையை நொறுக்கினான், எலும்பு வெளியே தெரிகிறது. குமிழைக் கடைசிவரை திருகினான். கெப்பாசிட்டர் வெடித்து அவன் கன்னத்தைக் கிழித்தது. போர்டின் செப்புத் தடம் புகைந்து அறுந்தது. மின்சாரம் போக வழியில்லை, அதனால் பச்சை வந்தது.

பாவி, ரத்த முகத்தோடு ரேடியோவில் கத்தினான்: "திலகா! பச்சை வந்துருச்சு! வந்துரலாம்மா!"

போர்டு செத்துவிட்டதென்று அலறினேன். கழுத்தை நெரித்தான். சாலிடரிங் இரும்பை அவன் தொடையில் இறக்கினேன். விட்டான்.

12:05
தடத்தின்மேல் கம்பி ஒட்டினேன். பயனில்லை. சிப்பும் கருகியிருக்கிறது. அவனுக்கும் இப்போது புரிந்துவிட்டது, தலையைச் சுவரில் மோதிக்கொண்டே இருக்கிறான். நான் தடுக்கவில்லை. மோதட்டும்.

12:10
மைக்கை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. நான்தான் பொய் சொன்னேன், இதோ திறக்கப்போகிறதென்று.

திலகா: "கதவுகிட்டயே நிக்கிறேன். நீ ரொம்ப நிதானம்டி, அமுதினி. நல்லவேளை, அவரு வந்தாரு."