முன்னாலேயே கொடுக்க வேண்டிய மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? போனில் பேசினால் அவர் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு கூத்து. நரம்புச் செல்களுக்கு முதலில் காப்பு மருந்தைக் கொடுத்து, மறுநாள்தான் நச்சை விட வேண்டும். ஏதோ யோசனையில் நான் நச்சை முதலில் விட்டுவிட்டேன். மறுநாள் மருந்து கொடுத்தும் தட்டு முழுக்கச் செத்துக் கிடந்தது. திட்டு விழும் என்று நின்றேன். மேடம் சிரித்தார். "விடும்மா, லேட்டா கொடுத்தா வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதே." நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

"உங்க மருந்துல கொஞ்சம் அப்பா மறதிக்கு அனுப்பேன்டி" என்று கேட்டாயே. அது இன்னும் மனிதர்களுக்கு வரவில்லை அம்மா. வந்தாலும் இருக்கிற செல்லைத்தான் காக்கும். போனதைத் திருப்பித் தராது.

அவர் சட்டைகளில் பட்டனை எடுத்துவிட்டு பிரஸ் பட்டன் வைத்துத் தை, போடச் சுலபம். யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. இங்கே வாங்கியது உடம்போடு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று. போனை அப்பாவிடம் கொடுக்கும் முன், "நம்ம பொண்ணுதாங்க, வாலுன்னு கூப்பிடுங்க" என்று நீ அவர் காதில் சொல்வது எனக்குக் கேட்கிறது.

கேட்கிறதே என்று நிறுத்திவிடாதே அம்மா.

வாலு