அழிக்கச் சொன்ன படம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவின் இடது மணிக்கட்டு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே உன் உடம்பும் உறக்கமும் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் நினைப்பும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்ததும் நீ மீட்டிங் இருக்கிறது என்கிறாய், சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டதாம், விரல்கள்தான் இன்னும் முழுசாக மடங்கவில்லை. சமையல் இப்போது என் பொறுப்பு. அவள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உப்பில் ஆரம்பித்து நான் கரண்டி பிடிக்கிற விதம்வரை குறை சொல்கிறாள், அதற்கெல்லாம் கை வலிப்பதில்லை. கீழ்வீட்டுத் தையற்காரர் உன்னை விசாரித்தார். எப்போது வருகிறாள் என்று கேட்டார், எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு தன்னைத்தானே எப்படிப் புதுப்பித்துக்கொள்கிறது என்று உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்காக ஒரு படம் வரைந்து ஓடவிட்டாயே, வேலை பாதியில் இருக்கும்போதே அம்மா பார்க்கட்டும் என்று எங்களுக்கும் அனுப்பினாய். குரல் கொடுக்கிற பெண் வரும்வரை இடத்தை நிரப்ப நீயே பேசி வைத்திருந்தாய். அதை உன் அம்மா எத்தனை தரம் பார்த்தாள் என்று கேட்காதே. பார்த்துப் பார்த்து மனப்பாடமாகி, பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண்ணுக்கே பாடம் எடுத்தாள். நீலச் செல்கள் முதலில் வந்து புது எலும்பு கட்டுமாம், அப்புறம் சிவப்புச் செல்கள் வந்து பழசைக் கரைக்குமாம். அந்தப் பெண் சிரித்துவிட்டு, பழசை இடிக்காமல் யாராவது அதே இடத்தில் புதுசு கட்டுவார்களா அம்மா என்றாள். என் பெண் வரைந்தது தப்பாக இருக்காது என்று இவள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு அன்றைக்குப் பயிற்சியே செய்யவில்லை. இதை உன்னிடம் சொன்னபோது நீ பதறிப்போனாய். இரண்டு காட்சிகளை ஒட்டும்போது முன்பின்னாகிவிட்டது, ஆராய்ச்சி செய்தவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார் என்றாய். திருத்திய படத்தை உடனே அனுப்பி, "பழசை அழிச்சிடுங்கப்பா, தப்பான படம் ஒரு ஆள் கையிலகூட இருக்கக் கூடாது" என்றாய். நீ சொன்னது நியாயம்தான்.

புதுப்படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பு முதலில், நீலம் பிறகு, பளிச்சென்று புரிகிறது, பேசுகிற பெண்ணின் குரலும் கணீரென்று இருக்கிறது. அம்மா ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டி, "நல்லாருக்கு. பழசப் போடுங்க" என்றாள். பழசில் நீ நடுவில் இருமுகிறாய். ஓர் இடத்தில் திரை வெறும் சாம்பல் நிறமாக நிற்கிறது, இங்கே இன்னும் வரையவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறாய். பின்னாலிருந்து யாரோ உன்னை நாங்கள் வைக்காத ஒரு செல்லப் பெயரில் கூப்பிட, நீ சிரிக்கிறாய். அது யாரென்று கேட்கச் சொன்னாள் உன் அம்மா. நான் கேட்கவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கு எலும்பைப் பற்றி எவ்வளவு நிதானமாகச் சொல்கிறாய் சின்னு. அந்த நிதானத்தோடு நீ எங்களிடம் பேசி வெகுகாலம் ஆகிறது. உன்னைக் குற்றம் சொல்ல வரவில்லை, ஏங்கிப்போய்க் கிடக்கிறோம், அவ்வளவுதான்.

நீ சொன்னபடி அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அழிக்கட்டுமா என்று போன் கேட்டது. உன் அம்மா பக்கத்திலேயே நின்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் படம் முடிந்ததும் வருகிறேன் என்றாய், முடிந்ததும் அடுத்த படம் என்கிறாய். அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீயே நேரில் வந்து உன் கையால் அழித்துவிட்டுப் போ. அதுவரை வெளியாள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, பிசியோதெரபிப் பெண்ணுக்குக்கூடக் காட்ட மாட்டோம். நீ எதிரே உட்கார்ந்து பேசினால் அந்தப் படம் எங்களுக்கு எதற்கு?

நோய்நொடி இல்லாமல், கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. டிக்கெட் போட்டதும் முதலில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல். என்னிடம் சொன்னால், அதை அவளிடம் முழுசாகச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது.

உன் வழி பார்த்திருக்கும்
அப்பா